ஒரு ஜோடி, இரண்டு அளவு

உச்சிமாகாளிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை ஏற்றிவிட்டு, சொந்தக்காரர்களும் பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில், அவருடைய போனில் ஒரு குடை விளம்பரம் வந்து நின்றது. கறுப்புக் குடை, மரப்பிடி, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. அவர் மனைவி தங்கபுஷ்பம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே பொரிகிற வெயில். "அங்க மழை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்கிவிடப் போகிறதே என்று உள்ளே போனாள்.

செத்தவர் போன் ஏன் அணையாமல் இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆலங்கிணற்றில் ஒருவர் செத்தால், அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு ஏற்றிவைத்து, பதினாறு நாளும் அதை அணையவிடாமல் ஆள் மாற்றி ஆள் எண்ணெய் விட்டுக் காப்பாற்றுவோம். உச்சிமாகாளி போய்ச் சேர்ந்தது ஆடி மாதம் பிறக்க இருந்த வாரம். ஊரிலுள்ள அத்தனை கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரமும் அந்த மனிதர் கையில் இருந்த நேரம். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன கடைக்காரர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அவர் நம்பருக்கே போன் போட்டு, எங்கள் விளம்பரம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் போனையும் விளக்குக்குப் பக்கத்திலேயே சார்ஜில் போட்டு வைத்தார்கள். பதினாறாம் நாள், பாலில் நனைத்த பூவால் விளக்கைக் குளிரவைத்தார்கள். போனை எப்படிக் குளிரவைப்பது என்று எந்தப் பெரிய மனிதருக்கும் தெரியவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

உச்சிமாகாளியை எங்கள் ஊருக்கு விளம்பரத்தைக் கொண்டுவந்த ஆள் என்று சொல்லலாம். முதலில் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, தீபாவளிக்கு இன்ன கடை, பொங்கலுக்கு இன்ன கடை என்று தெருத்தெருவாகக் கத்தினார். பிறகு கேபிள் டிவியில் படத்துக்கு அடியில் எழுத்து ஓடவிட்டார். பிறகு பிளக்ஸ் வந்தது, ஊர் முழுக்கக் கடைமுதலாளிகளை ஆள் உயரத்துக்குச் சிரிக்க வைத்தார். கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு, போன்தான் இனி என்று ஒற்றைக் காலில் நின்றார். "சனம் இப்ப தெருவைப் பாக்கல அண்ணாச்சி, உள்ளங்கையைப் பாக்கு. கடைக்கு ஆள் வரும்னு உக்காந்திருந்தா ஈதான் வரும். ஆள் எங்க பாக்கோ அங்க கடை போகணும்" என்று ஒவ்வொரு கல்லா முன்னாலும் நின்று அவர் பேசிய பேச்சு எங்களுக்கு மனப்பாடம். அதில் இன்னொன்றும் சொல்வார். "போன் பொய் சொல்லாது. ஒருத்தனுக்கு என்ன வேணும்னு அவன் பொண்டாட்டிக்குத் தெரியதுக்கு முந்தி போனுக்குத் தெரிஞ்சிரும்."

இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால், செத்தவர் போனில் குடை வந்தபோது நாங்கள் யாரும் வாய் பிளக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அதில் வந்ததெல்லாம் பிளக்ஸ் அடிக்கிற மிஷினும் மைக் செட்டும்தான். இப்போது குடை வருகிறது என்றால் அவருக்குக் குடை வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தங்கபுஷ்பம் அந்தக் குடையையே வரவழைத்து, அமாவாசைக்கு இலை போட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, அவருக்குப் பிடித்த பருப்புவடையோடு குடையையும் வைத்துப் படைத்தாள். மறுநாள் குடை விளம்பரம் வரவில்லை. டார்ச் லைட் வந்தது. அதையும் வைத்தாள். பிறகு கம்பளி, பிறகு பல் அகலமான சீப்பு.

சீப்பைப் பார்த்ததும்தான் அவளுக்கு எங்கோ உறுத்தியது. உச்சிமாகாளிக்கு முன்மண்டை பூராவும் வழுக்கை.

அடுத்த நாள் அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காசிராஜன் செருப்புக் கடைக்குப் போனாள். காசிராஜன் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர். சங்கத்தில் யாருக்கு எதிராகவாவது தீர்மானம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. செத்தவனுக்குக் குடையை ஆன்லைனில் வாங்கினாளே, பஜாரில் குடையே இல்லையா என்று அவர் ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

போனில் சிவப்பு நிறத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. வாரின் மேல் ஒரு பிளாஸ்டிக் பூ. அளவு பத்து.

"பிள்ளைச் செருப்பு. இது யாருக்கோ வந்தது, மாறி வந்திருக்கும் எம்மா."

"தள்ளிப் பாருங்க."

அவர் விரலால் தள்ளினார். அதே செருப்பு, அதே சிவப்பு, அதே பூ. அளவு ஒன்பது.

காசிராஜன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. உலகத்தில் அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

தங்கபுஷ்பத்துக்கும் உச்சிமாகாளிக்கும் ஒரே மகள், மாரிச்செல்வி. பிறக்கும்போதே வலதுகால் பாதம் ஒரு அளவு சிறுத்துப் பிறந்தவள். அவளுக்குச் செருப்பு எடுக்க வேண்டுமென்றால் இரண்டு ஜோடி எடுக்க வேண்டும். பெரிய ஜோடியில் இடதும் சின்ன ஜோடியில் வலதும் அவளுக்கு, மிச்ச இரண்டும் காசிராஜன் பரணுக்கு. "எதிர்க்கால் சிறுத்த பிள்ளை ஒண்ணு இந்த ஜில்லாவுல எங்கயாவது இருக்கத்தான செய்யும், அன்னைக்கு அதையும் வித்துருவேன்" என்று அவர் சிரிப்பார். குழாய் கட்டிய ஆட்டோவில் அப்பன் மடியில் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்த பிள்ளை. கீழே இறக்கிவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் ஓட்டமாகத்தான் ஓடும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தபோது காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியிலேயே போய்விட்டாள். பன்னிரண்டு வருசம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் உச்சிமாகாளி குழாயை இறக்கிவிட்டுக் கேபிளுக்குப் போனார். கத்துகிற தொழில் இனி வேண்டாம் என்று காரணம் சொன்னார்.

"அஞ்சு வயசுலயே நிக்காளே அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம். "இத்தனை வருசமா வளரவே இல்லையா?"

காசிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வளக்கதுக்கு ஆள் வேணும்லா எம்மா. இப்பதான அவன் போயிருக்கான்."

அன்று பஜாரில் கடையை ஏறக்கட்டிவிட்டு அவர் தானே மொத்தக் கடைக்குப் போய்ப் பத்திலும் ஒன்பதிலும் சிவப்புச் செருப்பு எடுத்து வந்து கொடுத்தார். தங்கபுஷ்பம் அழவில்லை. அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எந்தத் தாய்க்கும் உள்ள ஆசைதான், பிள்ளை வளர்ந்து ஆளாவதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது ஐந்து வயதோடு அறுந்து போயிருந்தது. இப்போது அறுந்த இடத்திலிருந்து மறுபடி நூல் வருகிறது. "வளந்து முடியத மட்டும் பாத்துட்டேன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

அப்பன் போய்ச் சேர்ந்த சந்தோஷத்திலோ என்னவோ, மாரிச்செல்வி அங்கே கிடுகிடுவென்று வளர்ந்தாள். சிலேட்டு வந்தது, தண்ணீர்ப் பாட்டில் வந்தது, விழாமல் தாங்கக் கூடச்சக்கரம் வைத்த சைக்கிள் வந்தது, பிறகு அந்தக் கூடச்சக்கரம் இல்லாத சைக்கிள் வந்தது, பல்லுக்குக் கம்பி கட்டுவது பற்றி வந்து அதோடு நின்றுபோனது, ரிப்பன் வந்தது, வட்டமான பொட்டு, நீளமான பொட்டு, ஒரு நாள் முழுக்க ஒரு கிடாரும் வந்தது. இடையிடையே செருப்பு, எப்போதும் இரண்டு அளவாக. பதின்மூன்று வந்து, அதன் பிறகு ஒன்று வந்தபோது தங்கபுஷ்பம் பதறிப்போனாள். பதின்மூன்றோடு குழந்தை அளவு முடிந்து, மறுபடி ஒன்றிலிருந்து பெரியவர் அளவு தொடங்கும் என்று காசிராஜன்தான் விளக்கிச் சொல்லி அவளைத் தேற்றினார். எங்கள் தெருவில் காலையில் தண்ணீர் பிடிக்க நின்றாலும், ரேஷன் வரிசையில் நின்றாலும் ஒரே கேள்வி, "இன்னைக்குச் செல்விக்கு என்ன வந்துச்சு?" படைத்த கவுன்களை எல்லாம் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள், அந்தக் கவுன்கள் தெருவில் ஓடுவதை வாசலில் நின்று பார்ப்பாள். செருப்புகளை மட்டும் கொடுக்கவில்லை. இடதும் வலதும் சேராத அந்த ஜோடிகளைக் கேட்கவும் ஆளில்லை. உள்ளறையில் சுவரோரமாக அடுக்கி வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாப்கின் விளம்பரம் வந்தது. அதன் பின்னாலேயே வெந்நீர்ப் பை. அதன் பின்னாலேயே, பெண் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தகப்பன்மார் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று ஒரு புத்தகம். தங்கபுஷ்பம் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. தம்பி சுயம்புலிங்கத்துக்குப் போன் போட்டாள். அவன் வள்ளியூர்ப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"ஏ சுயம்பு, உன் மருமவ பெரிய மனுசி ஆயிட்டாடா."

அவன் ஆட்டோவை ஓரங்கட்டினான். பிறகு, "அத்தான் தனியா என்ன செய்யுதாவளோ யக்கா" என்றான். "நான் வாரேன். தாய்மாமன் நான் இருக்கும்போது சீர் இல்லன்னு ஆயிரக் கூடாது."

வந்தான். தட்டு தட்டாக வந்தது. பட்டுப்பாவாடை, வளையல், பூ, பழம், கருப்பட்டி, உளுந்து, தூக்குவாளி நிறைய நல்லெண்ணெய். உச்சிமாகாளியின் பழைய ஆட்டோவைத் துடைத்து, பரணில் கிடந்த குழாயைக் கட்டி, அதில் பாட்டுப் போட்டு, ஊர்வலமாகவே வந்தான். மணைப் பலகையில் போனை வைத்து, பூச்சுற்றி, பச்சை ஓலையில் குடிசை கட்டி, மஞ்சள் தண்ணீரைப் போன் மேல் படாமல் பலகையைச் சுற்றித் தெளித்தார்கள். தங்கபுஷ்பம் உளுந்தங்களி கிண்டினாள்; கையில் ஒட்டாத பதம் வரும் வரைக்கும் நல்லெண்ணெய் விட்டுவிட்டுக் கிண்டினாள்; "இடுப்பு பலப்படணும்லா, அவியளுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கிண்டினாள். நாங்கள் எல்லோரும் மொய் எழுதி, களி வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். மறுநாள் நாப்கினும் வெந்நீர்ப் பையும் புத்தகமும் வரவில்லை. நாலும் மூன்றுமாகக் கொஞ்சம் உயரம் வைத்த செருப்பு வந்தது.

இதற்குள் ஊரில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் விளக்குக்குப் பக்கத்தில் போனையும் சார்ஜில் போடுவது முறையாகிவிட்டது. பழைய சாவுகளின் போன்களைக்கூடப் பீரோவிலிருந்து தேடி எடுத்தார்கள். வாய் ஓயாமல் பக்தி பேசிய ஒரு பெரியவருக்கு நாட்டுக்கோழி பிரியாணியும் பிராந்தியும் வந்து, மருமகள்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டைவிட்டு வெளியே வராமலே வாழ்ந்து செத்த ஓர் அம்மாளுக்கு ஸ்கூட்டர் வந்தது, ஓட்டுநர் பயிற்சி வந்தது, பிறகு மணாலி சுற்றுலா வந்தது. அவள் புருசன் அன்று முழுக்க அந்த மலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில போன்களில் ஒன்றுமே வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். காசிராஜன் சங்கத்தைக் கூட்டி, ஆலங்கிணற்றில் செத்தவர்கள் ஆலங்கிணற்றுக் கடைகளிலேயே வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். அதற்குச் செத்தவர்கள் சார்பில் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

பெரிய கார், வழவழப்பான பை, கழுத்தில் அட்டை. எங்கள் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, எல்லோருக்கும் காப்பியும் முந்திரி போட்ட மிக்சரும் கொடுத்து, திரை கட்டிப் படம் காட்டினார்கள். உயிரோடு இருக்கிற வாடிக்கையாளர் நிலையில்லாதவர், இன்று ஒரு கடை, நாளை ஒரு கடை என்று போய்விடுவார், ஐந்து நொடிக்கு மேல் எந்த விளம்பரத்தையும் பார்க்கமாட்டார். இறந்தவர்களுக்கு நேரம் இருக்கிறது, கவனம் இருக்கிறது, வேறெங்கும் போகவும் வழியில்லை. இப்படி ஒரு சந்தை இருப்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் போனதே என்று பேசியவருக்குக் குரல் தழுதழுத்தது. நாங்கள் கைதட்டினோம். நம் ஊர்ச் செத்தவர்களைப் பற்றி இவ்வளவு மரியாதையாக வெளியூர்க்காரர் யாரும் பேசியதில்லை.

தங்கபுஷ்பம் வீட்டுக்கு நிவேதா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், அதையும் சொல்ல வேண்டும். சுவரோரம் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"மேடம், இப்போ உங்க ஹஸ்பண்ட் என்ன தேடுறார்னு எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியுது. நீங்க இதுல அனுமதி கொடுத்தா முழுசாத் தெரியும். நாங்களே முந்திக் கொண்டுவந்து காட்டுவோம்."

"பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்கு முழுசாத் தெரியுமா?"

"கண்டிப்பா மேடம். எதுவும் விட்டுப் போகாது."

"இது அவிய போனாச்சே, நான் குடுத்தா செல்லுமா?"

"நீங்கதானே அவருக்கு எல்லாம்" என்றாள் அந்தப் பெண்.

இந்த வார்த்தைக்குத்தான் அவள் விழுந்தாள் என்று நாங்கள் பிறகு பேசிக்கொண்டோம். பதினாறு நாள் எண்ணெய் ஊற்றி, அதற்குப் பிறகும் சார்ஜ் போட்டுக் காத்த கைக்கு ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீலக் கட்டத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். நாங்களும் அவரவர் வீட்டில் அழுத்தினோம்.

மறுநாள் விடிந்ததும் வந்தது பாருங்கள், வெள்ளம்! பட்டுப்புடவை, நகைச் சீட்டு, மாடுலர் கிச்சன், கார், பல்லாவரத்தில் அடுக்குமாடி வீடு, முடி கொட்டாமல் இருக்க எண்ணெய், ஆயுள் காப்பீடு. செத்தவருக்கு ஆயுள் காப்பீடு! தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பிரியாணிப் பெரியவருக்கும் இதே, மணாலி அம்மாளுக்கும் இதே, ஒன்றுமே வராமல் கிடந்த போன்களிலும் இதே. எதை அவர்கள் கேட்கிறார்கள், எதைக் கம்பெனி விற்கப் பார்க்கிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. முதல் அமாவாசைக்கு எங்களால் ஆன மட்டும் வாங்கிப் படைத்தோம். விளம்பரம் நிற்கவில்லை. கேட்டதைக் கொடுத்தால் கேட்பது நிற்கும் என்ற அந்த ஒரு ஒழுங்கும் போய்விட்டது. இரண்டாம் அமாவாசைக்குப் பழையபடி வடையும் பாயசமும் மட்டும் வைத்தோம். ஒவ்வொரு வீடாகச் சார்ஜரைப் பிடுங்கினார்கள். மணாலி அம்மாளின் புருசன்தான் கடைசி வரைக்கும் பார்த்தார். ஒரு நாள் அவரும் போனைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கம்பெனிக்காரர்களும் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு வேறு எங்கோ வேறு சந்தை கிடைத்திருக்கும்.

தங்கபுஷ்பம் மட்டும் பிடுங்கவில்லை. அவளுக்கு ஓர் அடையாளம் இருந்தது. எவ்வளவு குப்பை வந்தாலும், காரும் குக்கரும் கட்டிலும் தள்ளிக்கொண்டே போனால், நடுவில் எங்கேயாவது ஒரே செருப்பு இரண்டு அளவில் வரும். ஐந்தும் நாலும் வந்தது. கத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "இருக்கா! எம்பிள்ளை இருக்கா!" என்று. உடனே அழுத்தினாள், வாங்கினாள், படைத்தாள். ஆறும் ஐந்தும் வந்தது, வாங்கினாள். காலையில் காப்பி குடிக்க மறந்து தள்ளிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகும் தள்ளிக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு அளவு கண்ணில் படும்வரை மற்ற எதுவும் அவளுக்கு எழுத்தாகக்கூடத் தெரியவில்லை. வர வர அவளுக்குத் தேடும் வேலை குறைந்தது. போனை எடுத்த உடனேயே வந்தது. ஏழும் ஆறும் வந்தது. சிவப்பில் வந்தது, நீலத்தில் வந்தது, முத்துப் பதித்து வந்தது. வளையல் இரண்டு அளவில் வந்தது. ஜன்னல் திரையும் இரண்டு அளவில் வந்தது. எட்டும் ஏழும் வந்தது. ஒன்பதும் எட்டும் வந்தது.

பத்தும் ஒன்பதும் வந்த அன்று அவள் காசிராஜன் கடைக்குப் போனாள். முன்பு ஒரு நாள் இதே இரண்டு எண்களோடு இதே கடைக்கு வந்தவள். அன்று அவை குழந்தை அளவு.

"அண்ணாச்சி, பொம்பளைப் பிள்ளைக்குப் பத்தாம் நம்பர் கால் உண்டுமா?"

காசிராஜன் அவள் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். "உயரமாட்டு வளந்திருப்பா எம்மா" என்றார்.

"உண்டுமா இல்லியா, சொல்லுங்க."

"நான் ஏழுக்கு மேல வித்ததில்ல" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் போனுக்கு நீ என்ன வாங்குவேன்னு தெரியும். பிள்ளை வளந்து எங்க நிக்கும்னு தெரியாது."

தங்கபுஷ்பம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, உள்ளறையில் அடுக்கியிருந்த செருப்பை எல்லாம் எடுத்து, வாசல்நடையிலிருந்து அடுப்படி வரைக்கும் வரிசையாக வைத்தாள். பிளாஸ்டிக் பூ வைத்த சிவப்புச் செருப்பு முதலில். ஒரு பெரிய ஆம்பிளைக்கே சரியாக இருக்கிற செருப்பு கடைசியில். வரிசையின் ஓரமாக அவள் முன்னும் பின்னும் நடந்தாள். பூ வைத்தது அவள் பிள்ளை, அதில் சந்தேகமில்லை. நாலும் மூன்றும் அவள் பிள்ளை. களி தின்ற கையோடு கேட்டது. கடைசியில் கிடப்பது அவள் பிள்ளை இல்லை. நடுவில் எங்கேயோ மாரிச்செல்வி கேட்பதை நிறுத்தியிருக்கிறாள், அல்லது கேட்டது இங்கே வந்து சேராமல் போயிருக்கிறது. அதே இடத்தில், அதே மாதிரி, வேறொன்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. அது எந்த ஜோடி? ஐந்தா? ஆறா? ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் புதுச் செருப்பு. எதிலும் ஒரு கால் அடையாளமும் இல்லை. முதல் தடவை பிள்ளை போனபோது போன நேரமாவது தெரிந்தது என்று சொல்லி, அடுப்படி நிலையில் தலையை முட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையைக் கேட்டு நாங்கள் வாசலுக்கு ஓடிவந்தோம். உள்ளே போகத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அழுது முடித்து அவள் எழுந்தாள். ஒரு கிண்ணத்தில் பால் எடுத்து, வேலியில் பூத்திருந்த செம்பருத்தியைப் பிய்த்து நனைத்து, போன் கண்ணாடியின் மேல் ஒற்றினாள். அப்போதும் அது ஏதோ காட்டிக்கொண்டுதான் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினாள். போன் எரிகிற வரை எரிந்துவிட்டுத் தானாக இருண்டது.

பிறகு வரிசைக்கு வந்து, தன் காலைப் பார்த்தாள். அவள் கால் ஆறு. பெண் பிள்ளை வளர்ந்து வளர்ந்து கடைசியில் தாயின் செருப்பைத்தான் திருடிப் போடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். "இங்கதான் நின்னிருப்பா" என்று சொன்னாள். மிச்சத்தை எல்லாம் சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டு, ஆறும் ஐந்துமான அந்த ஒரு ஜோடியை வாசலில் போட்டு, காலை நுழைத்தாள். இடது கால் சரியாக உட்கார்ந்தது. வலது கால் நுழையவில்லை. விரலை மடக்கி, குதிகால் வெளியே பிதுங்க, திணித்துக்கொண்டாள்.

அப்படியே பஜாருக்கு நடந்தாள். காய்கறி வாங்கத்தான். வலதுகால் செருப்பு கடித்ததால் இடது பக்கம் சாய்ந்து, வலது காலை லேசாகத் தூக்கி வைத்து, கடிக்கிற வலியில் வேகமாக, ஓட்டமும் நடையுமாகப் போனாள். செருப்புக் கடையிலிருந்து காசிராஜன் எழுந்து நின்றார். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருசமாக எங்கள் தெரு பார்க்காத நடை, வளர்ந்த உயரத்தில், புடவை கட்டி எங்கள் முன்னால் போனது. நாங்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் தங்கபுஷ்பமாகத்தான் இருப்பாள்.